மாப்ளைக்கு யாரு சொல்றது

ஜெயபாண்டி பட்டறைச் சுவரில் இருக்கிற எழுத்தெல்லாம் என் கைவேலைதான். ‘கண்ணாடி மாட்டாமல் மெஷினைத் தொடாதே’, ‘மூடியைக் கழற்றாதே’, ‘லுங்கியோடு வேலைக்கு வராதே’. சிவப்பில் எழுதி, கறுப்பில் நிழல் கொடுத்து, ஒவ்வொரு வரிக்குக் கீழேயும் மாவிலை மாதிரி ஒரு வளைவும் போட்டிருந்தேன். எச்சரிக்கைக்கு எதற்கு மாவிலை என்று ஜெயபாண்டி கேட்டார். அழகுக்கு என்றேன். அருப்புக்கோட்டையில் என் எழுத்துக்கு நல்ல பேர் உண்டு. வாசிக்கத்தான் ஆள் கிடையாது.

திருச்சுழி ரோட்டில் டவுன் முடிந்து கருவேலங்காடு ஆரம்பிக்கிற இடத்தில் அந்தப் பட்டறை. டிராக்டருக்கு டிரெய்லரும், தண்ணீர் லாரிக்குத் தொட்டியும் கட்டுவார்கள். கட்டி முடித்த வண்டிக்கு நம்பர் போடுவதும், பின்பக்கம் முதலாளியின் பிள்ளைகள் பேரை எழுதுவதும் என் பிழைப்பு. அதனால் பட்டறைக் கடைசியில் ஒரு தகரச் சாய்ப்பை எனக்கு விட்டிருந்தார்கள். வெயில் காலத்தில் அந்தத் தகரத்துக்குக் கீழே உட்கார்ந்து எழுதினால் பெயிண்டுக்கு முன்னால் நான் காய்ந்துவிடுவேன்.

ஒரு மழை நாளில் ஈரத் தரையில் நின்று வேலை பார்த்த ஒருவனுக்குக் கரண்டு அடித்ததிலிருந்து ஜெயபாண்டி காற்று மெஷினுக்கு மாறினார். மூலையில் ஒரு பெரிய கம்ப்ரசர். அதிலிருந்து குழாய் குழாயாகப் பிரிந்து, வெல்டிங் மேட்டைச் சீவுகிற கிரைண்டருக்கும், பட்டி பூசின தகரத்தை வழவழப்பாகத் தேய்க்கிற சாண்டருக்கும் காற்று போகும். ஷாக் அடிக்காது, கையில் கனமும் இல்லை. அதனாலேயே எல்லாருக்கும் அதன் மேல் ஒரு இளக்காரம். வெறும் காத்துதானே என்பார்கள். ஆடி மாசத்து மேல்காற்று எங்கள் ஊரில் ஓட்டு வீட்டையே பிரித்துப் போடும். அதைப் பார்த்து வளர்ந்தவர்கள்தான் இப்படிப் பேசினார்கள்.

ஜெயபாண்டி மட்டும் பயந்தார். நல்ல பயம். கண்ணாடி இல்லாமல் மெஷினைத் தொட்டவனை வாய்க்கு வந்தபடி வைவார். வெல்டர் கருத்தப்பாண்டி அவரை விட வயதில் மூத்தவன். ஒரு நாள் வியர்வைக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி வைத்ததற்கு, வெளியே போய் ரோட்டில் நில்லுடா என்று துரத்திவிட்டார். அவனும் போய்ப் புளியமரத்தடியில் நின்றுவிட்டு வந்தான். சாண்டர் ஓட்டுகிறவர்கள் மூக்கில் துணி கட்டவில்லை என்றால் அன்றைக்கு டீ கிடையாது. என்னைக் கூட ஒரு முறை வைதார். நான் பிரஷ்ஷைத் தவிர எதையும் தொடுவதில்லை என்றேன். உன் வாயைக் கட்டவும் ஒரு துணி வேணும்டா பெயிண்டரு என்றார்.

இப்படிப்பட்ட மனுசர் ஒரே ஒரு ஆளிடம் மட்டும் வாயைத் திறக்க மாட்டார். அது மாப்ளை காளீஸ்வரன். ஜெயபாண்டியின் தங்கச்சி தங்கலட்சுமியின் வீட்டுக்காரர்.

காளீஸ்வரனுக்குத் திருச்சுழிப் பக்கம் சொந்தமாகக் கரிசல் காடு உண்டு. மானாவாரி. மழை பெய்தால் சோளம், பெய்யாவிட்டால் புழுதி. புழுதியே மகசூலாகிப் போன பிறகு மச்சான் பட்டறைக்கு வர ஆரம்பித்தார். பெண் கொடுத்த வீட்டில் மாப்பிள்ளை போய்க் கூலி வேலை பார்க்கிறதாவது என்று இரண்டு பக்கத்துச் சொந்தமும் பதறி, கடைசியில் அதற்கு மேற்பார்வை என்று பேர் வைத்தார்கள். வெள்ளைச் சட்டை, வேட்டி, தோளில் துண்டு. அவர் வந்தால் ஜெயபாண்டி நாற்காலியை விட்டு எழுந்திருப்பார். கருத்தப்பாண்டியில் இருந்து என் வரைக்கும் எல்லாரும் அவரை மாப்ளையண்ணே என்றுதான் கூப்பிடுவோம். முறைப்படி பார்த்தால் அது எந்த உறவிலும் சேராது.

காட்டில் பாடுபட்ட மனுசருக்குச் சும்மா நிற்க வராது. மேற்பார்வை பார்த்துக்கொண்டே கிரைண்டரை எடுத்துவிடுவார். கை நேர்த்தியான கை, வெல்டிங் மேடு இருந்த இடமே தெரியாது. ஆனால் கண்ணாடி மாட்ட மாட்டார். கண்ணாடி கூலிக்காரர்களுக்கு. மேற்பார்வைக்காரர் மூஞ்சியை மூடிக்கொண்டால் மேற்பார்வை எப்படிப் பார்ப்பது. இது அவர் வாதம். ஜெயபாண்டி அந்தப் பக்கம் திரும்பாமல் கருத்தப்பாண்டியை இன்னும் சத்தமாக வைவார்.

இன்னொரு பழக்கமும் உண்டு. பட்டறையில் ஒரு பெரிய கரண்டு கிரைண்டர் இருந்தது. அதன் வீல் தேய்ந்து சின்னதாகிவிட்டால் அந்த மெஷினுக்கு ஆகாது என்று கழற்றி ஒரு பெயிண்டு டப்பாவில் போடுவார்கள். காளீஸ்வரன் அந்த டப்பாவைக் கிளறி, கொஞ்சம் சதை மிச்சமிருக்கிற வீலாகப் பொறுக்கிக் காற்று மெஷினில் மாட்டிக்கொள்வார். நல்ல வீல எவனாச்சும் தூரப் போடுவானா என்பார். எங்கள் மண் அப்படி. அறுத்த சோளத்தட்டையின் அடிக்கட்டையைக் கூட அடுப்புக்குப் பிடுங்குகிற ஊர். ஆனால் பெரிய வீல் மெதுவாகச் சுற்றுகிற மெஷினுக்குச் செய்தது. இவ்வளவு சுற்றுக்கு மேல் தாங்காது என்று அதன் நடுவில் ஒட்டிய காகிதத்தில் போட்டிருக்கும். காற்று மெஷின் அதைவிட மிக வேகமாகச் சுற்றும். அதோடு, தேய்ந்த பிறகும் அந்த வீல் சின்ன மெஷினின் மூடிக்குள் அடங்காது. அதனால் மூடியைக் கழற்றி வைத்துவிடுவார். மூடி என்றால் வீலைப் பாதி சுற்றி நிற்கிற இரும்புக் கவசம். வீல் உடைந்தால் சில்லு ஆள் பக்கம் வராமல் தடுப்பதற்கு அது ஒன்றுதான் உண்டு.

ஒரு நாள் இரண்டு சாண்டரும் சேர்ந்து ஓடின. காற்று பத்தவில்லை என்று, அளவாக விடுகிற ரெகுலேட்டரை யாரோ முழுக்கத் திறந்துவிட்டார்கள். டீ வந்ததும் சாண்டர்காரர்கள் எழுந்து போனார்கள். கம்ப்ரசரில் இருந்த அவ்வளவு காற்றும் காளீஸ்வரன் கையில் இருந்த மெஷினுக்குப் போனது. அதன் சத்தம் ஏறியது. எறும்பு புகுந்த காது மாதிரி ஒரு இரைச்சல். அவர் தலையைத் தூக்கிப் பார்த்தார், நிறுத்தவில்லை. வீல் வெடித்தது.

ஒரு சில்லு கருத்தப்பாண்டியின் காதோரமாகப் போய்த் தகரத்தில் குத்தி நின்றது. ஒரு சில்லு காளீஸ்வரனின் இடது கன்னத்து எலும்பைக் கிழித்துக் கண்ணுக்குள் போயிற்று. வெள்ளைச் சட்டை என்ன ஆனது என்று எழுத எனக்கு மனசில்லை. மதுரையில் கண்ணாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். இடது கண்ணைக் காப்பாற்ற முடியவில்லை. இருக்கிற கண்ணுக்கு இனிமேல் ஒரு தூசி கூடப் படக் கூடாது, வேறு கண் கிடையாது என்று டாக்டரம்மா தங்கலட்சுமியைப் பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்லி அனுப்பினார்.

வீட்டுக்கு வந்த பிறகு சொந்தக்காரர்கள் வர ஆரம்பித்தார்கள். ரஸ்க்கும் ஆரஞ்சுமாகக் குவிந்தன. வந்தவர்கள் எல்லாரும் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, வெளியே வெயிலைப் பார்த்து, நேரம் என்று ஒரே வார்த்தை சொன்னார்கள். நேரம் சரியில்லை. சனி பார்க்கிறான். கருப்பசாமிக்கு நேர்ந்த கிடாய் பாக்கி நிற்கிறது. நானும் போயிருந்தேன். சிரிக்க வைக்கலாம் என்று போனேன். எனக்குத் தெரிந்த வேடிக்கைப் பேச்சு ஒன்று கூட அந்தக் கட்டுப்போட்ட முகத்துக்கு முன்னால் செல்லவில்லை.

தங்கலட்சுமி நூல் மில்லில் வேலை பார்க்கிறவள். ஷிப்ட் முடிந்து தலையெல்லாம் பஞ்சோடு வந்தவள், கருவாட்டு வாசனையே கூடாது என்று பத்தியச் சோறும் சீனியவரைப் பொரியலும் தனியாக ஆக்கினாள். வந்தவர்களுக்குக் கருப்பட்டிக் காப்பி கொடுத்தாள். மாமியார் மாயக்காள் வாசல்படியில் உட்கார்ந்து மிளகாயும் உப்பும் சுற்றிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

“ஊரு கண்ணு பட்டுருச்சு. வெள்ளச் சட்டையோட அவன் நின்னது எவளுக்குப் பொறுக்கலையோ.”

“கண்ணு படல அத்தை. வீலு பட்டுச்சு” என்றாள் தங்கலட்சுமி.

மாயக்காளின் கை நின்றது. அந்த நேரம் பார்த்துத்தான் ஜெயபாண்டி ஆரஞ்சுப் பையோடு உள்ளே வந்தார். வந்தவர் மாப்ளையின் கால்மாட்டில் நின்றுகொண்டே இருந்தார், உட்காரவில்லை. உடம்பு தேறினதும் பட்டறையில் வைத்துப் பூசணிக்காய் உடைத்து, கிடாயும் வெட்டி, மாப்ளையை மாலை போட்டு அழைத்துக்கொள்வதாக மெதுவாகச் சொன்னார். தங்கலட்சுமி காப்பித் தம்ளரை அவர் கையில் கொடுக்காமல் தரையில் வைத்தாள்.

“அண்ணே, கருத்தப்பாண்டி கண்ணாடி மாட்டலன்னா என்ன செய்வ?”

“அது வேற தாயி.”

“என்ன செய்வன்னு கேட்டேன்.”

“வைவேன். வெளிய போன்னுவேன்.”

“இவுகள எத்தன தடவ வெளிய போகச் சொன்ன?”

ஜெயபாண்டி ஒரு ஆரஞ்சை எடுத்து உரிக்க ஆரம்பித்தார். யாருக்கு என்று அவருக்கே தெரியாது.

“மாப்ளைய எப்பிடித் தாயி வைய முடியும்? பொண்ணக் குடுத்த வீட்டுக்காரன் சோறும் போட்டு அதட்டவும் செய்றான்னு நாலு பேரு பேசுவாக. அப்புறம் உன்னைய நம்ம வீட்டு நல்லது கெட்டதுக்கு அனுப்புவாகளா?”

“எங்க மில்லுல தலைக்குத் தொப்பி போடாமப் போனா கேட்டுலயே நிப்பாட்டிருவாக. யாரு மக, யாரு பொண்டாட்டின்னு கேக்க மாட்டாக. நீ மரியாத பாத்த. சரி, மரியாதைக்கு ஒரு கண்ணு குடுத்தாச்சு. இன்னொன்னு இருக்கு, அதையும் எடுத்துக்கிறியா?”

கட்டிலில் இருந்து காளீஸ்வரன் பேசினார். “அவுகள எதுக்கு வையுற? வீலு பழசு. அடுத்த தடவ புதுசு மாட்டிட்டாப் போச்சு. நான் என்ன கூலிக்காரனா, மூஞ்சிய மூடிக்கிட்டு உக்கார?”

“அடுத்த தடவையாம்ல” என்றாள். பிறகு அண்ணனிடம் சொன்னாள். பட்டறைக்கு இவர் வரட்டும். சும்மா கட்டிலில் கிடந்தால் மனுசர் செத்துப்போவார் என்று அவளுக்கும் தெரியும். ஆனால் வருகிற அன்றைக்கு, எல்லாருக்கும் சொல்கிற மாதிரியே, எல்லார் முன்னாலேயும் அண்ணன் இவருக்குச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் இவரை அனுப்ப மாட்டாள். ஜெயபாண்டி நேரம் பார்த்துச் சொல்வதாகச் சொன்னார். மறுபடியும் அந்த நேரம். நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன். இன்னும் கொஞ்சம் இருந்திருந்தால் அந்த ஆரஞ்சை எடுத்து அவர் மேலேயே எறிந்திருப்பேன். என் குறி எப்படி என்று தெரியும், மாயக்காள் மேல் விழுந்திருக்கும்.

கருத்தப்பாண்டியும் பார்க்க வந்திருந்தான். வாசலோடு நின்றுவிட்டுத் திரும்பினான். பஸ் ஸ்டாப் டீக்கடையில் என் பக்கத்தில் உட்கார்ந்து தம்ளரைக் கையில் உருட்டிக்கொண்டே சொன்னான்.

“என் காதுக்குப் பக்கத்துலதான் போச்சு, பெயிண்டரு. ஒரு வெரல் தூரம். எம்பொண்டாட்டிகிட்ட எவனாச்சும் ஒரு ரஸ்க்கு பாக்கெட்டு குடுத்தானா பாரு. நான் கண்ணாடி மாட்டலன்னா ரோட்டுல நிக்கணும். அவரு மாட்டலன்னாலும் நாந்தான் சாகணும்.”

வேடிக்கையாகச் சொன்ன மாதிரிதான் இருந்தது. அவன் சிரிக்கவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில், ராத்திரி ஷிப்டுக்குப் போன தங்கலட்சுமி திரும்புவதற்குள், காளீஸ்வரனை அழைத்தார்கள். பட்டறையைக் கழுவி, கம்ப்ரசருக்குத் திருநீற்றுப் பட்டை போட்டு, காற்றுக் குழாய்க்கெல்லாம் சந்தனம் வைத்திருந்தார்கள். அருப்புக்கோட்டைப் பூக்கடையில் சொல்லிச் செய்த கனத்த சம்பங்கி மாலை. ஜெயபாண்டி தன் கையாலேயே மாப்ளைக்கு ஒரு கறுப்புக் கூலிங் கிளாஸ் மாட்டிவிட்டார். போன கண்ணை மறைக்க. அதைப் பார்த்து, பரவாயில்லையே கண்ணாடி மாட்டிக்கிட்டாரே என்று சாண்டர்காரர்கள் சந்தோசப்பட்டார்கள். அது வெயிலுக்கு மாட்டுகிற கண்ணாடி. ஒரு கூழாங்கல்லைத் தாங்காது.

கிரைண்டருக்குப் புது வீல் மாட்டியிருந்தார்கள். அதன் மூடியை எங்கே என்று தேடினேன். கழற்றிக் கழுவி, குங்குமம் வைத்து, கிண்ணம் மாதிரி மல்லாத்தி அதில் சூடம் கொளுத்தியிருந்தார்கள். யாருக்கு அந்த யோசனை வந்ததோ தெரியாது. ஆளைக் காக்கிற இரும்பில் சூடம் ஏற்றி, ஆளைக் காப்பாற்று என்று கும்பிட்டார்கள். சுவரில் என் மூன்று வரியும் அதே மாவிலையோடு அப்படியே இருந்தன. அவற்றுக்கும் ஒரு பொட்டு வைத்திருந்தார்கள்.

முதல் வெல்டிங் மேட்டை மாப்ளை கையால் சீவித் தொடங்க வேண்டும் என்றார்கள். காளீஸ்வரன் மாலையோடு குனிந்து மெஷினை எடுத்தார். மாலை வீலுக்கு ஒரு சாண் மேலே ஆடிக்கொண்டிருந்தது. பிடியை அழுத்தினார். மெஷின் கிளம்பியது. கிளம்பின வேகத்தில், குழாயில் மிச்சமிருந்த காற்றைக் குடித்துவிட்டு நின்றுபோயிற்று.

கம்ப்ரசர் பக்கத்தில் தங்கலட்சுமி நின்றாள். ஷிப்ட் முடிந்து நேராக வந்திருக்கிறாள், மில் தொப்பி கையில் கசங்கியிருந்தது. மற்றொரு கை காற்றை அடைக்கிற வால்வின் மேல் இருந்தது.

“அண்ணே, சொல்லு” என்றாள்.

“வீட்டுல போயிப் பேசுவோம் தாயி.”

“வீட்டுல மெசின் இல்ல.”

காளீஸ்வரன் மெஷினைக் கீழே வைக்காமலே அவளைப் பார்த்தார். “வால்வத் திற. நாலு பேரு பாக்காக.”

“பாக்கட்டும். அவுகளுக்கு ரெண்டு கண்ணு இருக்கு.”

இதைச் சொல்லியிருக்கக் கூடாது என்று அவள் முகத்திலேயே தெரிந்தது. காளீஸ்வரன் மெஷினை வைத்துவிட்டு நேராக அவளிடம் போனார். கையைப் பிடித்து விலக்கிவிட்டு வால்வைத் தானே திறந்துவிட்டுத் திரும்பி வந்தார். அவள் ஒன்றும் செய்யவில்லை. புருசனைப் பார்க்கவே இல்லை, அண்ணனை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். கருத்தப்பாண்டி மெதுவாகத் தன் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு இரண்டு எட்டு பின்னால் நகர்ந்தான். எல்லாரும் நகர்ந்தோம். மாப்ளையைச் சுற்றிப் பெரிய வட்டமாக இடம் விழுந்தது. அந்த இடத்தில் அவர் மட்டும் மாலையும் கறுப்புக் கண்ணாடியுமாகக் குனிந்து மெஷினை எடுத்தார். பிடியில் விரல் போயிற்று.

“வைலே கீழ.”

கருத்தப்பாண்டியை வைகிற அதே குரல். ஜெயபாண்டிதான். அதோடு நிறுத்தவில்லை.

“வைலே கீழங்கிறேன்ல. மாலையக் கழத்து. கண்ணாடிய மாட்டு, மூடிய மாட்டு. முடியலன்னா வெளிய போ. அன்னைக்கி உன் ரத்தத்த நான்தான் தண்ணி ஊத்திக் கழுவுனேன். ஆளுகள விடல, நானே கழுவுனேன். போக மாட்டேங்குது. இன்னொரு தடவ என்னால கழுவ முடியாது. போ வெளிய.”

சூடம் அணைந்து புகை வந்தது.

காளீஸ்வரன் மெஷினைக் கீழே வைத்தார். மாலையைக் கழற்றி, எறியாமல், டிரெய்லர் கம்பியில் தொங்கவிட்டார். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி அதன் பக்கத்தில் வைத்தார். இடது பக்கத்தில் தையல் போட்ட பள்ளம் தெரிந்தது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, ஒருத்தரையும் பார்க்காமல் வெளியே நடந்தார்.

ஜெயபாண்டி கம்ப்ரசர் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்துவிட்டார். துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். “முடிஞ்சு போச்சு தாயி. இனி அவுக ஏங்கூடப் பேச மாட்டாக. செத்தாலும் பேச மாட்டாக.”

தங்கலட்சுமி பட்டறை வாசலுக்குப் போய் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பஸ் ஸ்டாப் எதிர்ப்பக்கம். ரோட்டில் மணல் லாரிகள் ஒன்றன் பின் ஒன்றாக வந்துகொண்டிருந்தன. காளீஸ்வரன் விளிம்பில் நின்று வலது பக்கம் பார்த்தார். பிறகு, கழுத்தை முழுசாக, தோள் திரும்புகிற வரைக்கும் இடது பக்கம் திருப்பிப் பார்த்தார். ஒரு லாரி போகும் வரை நின்றார். திரும்பவும் அதே மாதிரி கழுத்தைத் திருப்பினார். அப்புறம் கடந்தார்.

அதற்கப்புறம்தான் அவள் நிலையில் இருந்து கையை எடுத்தாள்.

“பேசாட்டிப் போறாரு” என்றாள். “பாத்துத்தான போறாரு.”

தொப்பியை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, அவளும் ரோட்டில் இறங்கினாள்.